முதல் மிதி

பண்ணைப் பாலத்தில்
வேலணை பஸ்ஸை முந்த
அடிமட்டும் அமத்தினேன் அக்சிலறேற்றரை.
முந்திவிட்டேன்.
முன்னால் ஒரு நண்டுக்காரனின் சைக்கிள்.
பிறேக்கில் கால் வைத்தால்
பலகை.

வழுக்கவில்லை, அடியில் போய் விழவுமில்லை.
உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவுக்குத்
தோள் கொடுத்தமாதிரி.
இரண்டாம் மிதிக்கு
ஒன்றும் நடக்காததுபோல் அதே பழைய மெத்து.
சைக்கிள்காரன் திரும்பியும் பார்க்கவில்லை.
நண்டுகள் பார்த்திருக்கலாம்.

"கார் பிழையில்லை, உம்மட கால்தான் பிழை"
என்றார் சுகிர்தன், பேப்பரை விலக்காமல்.
கொக்குவிலில் பாட் மாற்றினார்கள்,
பதினெண்ணாயிரம்.
கோண்டாவிலில் பழைய ஒயிலை இறக்கிக்
காற்றெடுத்துப் புது ஒயில் விட்டார்கள்,
ஆறாயிரத்தைந்நூறு.
காற்றுப் பிடித்தால் மிதி பஞ்சாகும் தம்பி,
இது பஞ்சில்லை, பலகை என்றேன்.
"நாங்கள் பாப்பம் அக்கா" என்றான்
பார்க்காமல்.

வண்டியின் பெயர் சன்னி.
பெயரிலேயே காய்ச்சல்.

நான் இரத்தம் பார்க்கிறவள்.
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருசம்.
ஒரு முடிவு கோணலாய் வந்தால்
திரும்பச் செய்.
ஒன்றை மட்டும் மாற்று.

ஞாயிறு, விடிய ஐந்தரை.
இரண்டு பக்கமும் கடல், இறால் கூடுகளின் தடிகள்,
என்னைத் தவிர ஒரு கொக்கு.
மெல்லப் போய் மிதித்தேன்: மெத்து.
அடிமட்டும் அமத்திப் போய் உடனே மிதித்தேன்: பலகை.
அமத்திப் போய், காலை எடுத்து,
பத்து எண்ணிவிட்டு மிதித்தேன்: மெத்து.
எஞ்சினை நிறுத்திக் கால்மணி நேரம்
கொக்கைப் பார்த்திருந்துவிட்டு மிதித்தேன்:
பலகை, பலகை.
எல்லாம் எழுதினேன்,
அந்தப் பதினெண்ணாயிரத்து ரசீதின் முதுகில்.

குருநகரில் சூசைதாசன்
படகு எஞ்சின்களுக்குத்தான் பேர்போனவர்.
ரசீதை இரண்டு முறை வாசித்தார்.
முன்பக்கத்தையும் வாசித்துச் சிரித்தார்.
பொனற்றைத் திறந்து
கறுத்தத் தவில்மாதிரி இருந்த பூஸ்டரைத் தட்டி,
அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரியூப்பின் நடுவே
சுண்டுவிரலளவு வால்வொன்றைக் கழற்றி,
சாரத்தில் துடைத்து
வாயில் வைத்தார்.
ஊதினார், போனது.
உறிஞ்சினார், வந்தது.
"ரெண்டு பக்கமும் போகுது பிள்ளை.
ஒரு பக்கந்தான் போகோணும்."

எஞ்சின் உறிஞ்சி உறிஞ்சி
அந்தத் தவிலுக்குள் வெறுமையைச் சேர்க்குமாம்.
காலுக்குக் கைகொடுக்கிறது அந்த வெறுமைதானாம்.
வேகமெடுக்கையில் எஞ்சினுக்கு மூச்சு முட்ட நிறையும்;
அந்த நேரம் கதவைச் சாத்தி
உள்ளே ஒன்றுமில்லாததை
ஒன்றும் புகாமல் காக்கவேண்டும் இது.
காக்கவில்லை.

என் நெஞ்சிலும் நாலு கதவு என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.
அவர் பல்லிடுக்கில் கிறீஸ்.

வால்வு ஆயிரத்திருநூறு,
கூலி "என்னத்தைத் தாறது பிள்ளை, குடும்."

வரும்போது அதே பஸ்.
அமத்தினேன், முந்தினேன்,
உடனே மிதித்தேன்.
மெத்து.
பின்னால் ஹோர்ன், தூசணமாயும் ஏதோ கேட்டது.

வீட்டில் சுகிர்தன் தலை நிமிர்த்தினார்:
"என்னவாம்?"
மேசையில் வைத்தேன் பழைய வால்வை.
எடுத்து ஊதிப் பார்த்தார், திருப்பி ஊதினார்.

கால் சுகம் என்றேன்.