இருபதில் ஏழு

பழைய பேப்பர் கடையில்
ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்,
எடைக்குப் பன்னிரண்டு ரூபாய்.
அட்டை இல்லை.
முதல் பாடத்தைக் கரையான் படித்து முடித்திருந்தது.
விடைகள் இருந்த கடைசித் தாள்களில்
யாரோ போண்டா மடித்திருக்க வேண்டும்.
நடுவில் மிஞ்சியதை
நான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை.
விடிய இறங்குவேன், இருட்ட ஏறுவேன்.
மலைப் பேருந்தின் கம்பியில் முட்டியை முட்டுக்கொடுத்துப்
பென்சிலால் போட்ட கணக்கு.
வளைவில் எழுதிய ஐந்துகள்
இன்றைக்கும் சாய்ந்தே நிற்கின்றன.

பின்னம் மட்டும் பிடிபடவில்லை.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவில் எதற்கு இந்தக் கோடு?
புத்தகத்தை ஓங்கி ஓர் அடி அடித்தேன்.
அப்புறம் ஒரு சாயங்காலம்
குரங்குகள் உட்கார்ந்திருந்த கொண்டை ஊசி வளைவில்
பலகை சொன்னது: 7/20.
பதினொரு வருடமாகப் பார்த்த பலகைதான்.
இருபதில் ஏழு முடிந்தது.
இன்னும் பதின்மூன்று.
வாய்விட்டுச் சிரித்தேன்.
மடியில் பலாப்பழத்தோடு வந்தவர்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.
பத்தாவது வளைவு பாதி.
பதினைந்து, முக்கால்.
மேலே பனிக்குள் ஏற்காடு
முழுசாக ஒன்று.

சைபருக்குக் கீழேயும் எண்கள் உண்டு
என்றது அடுத்த பாடம்.
நம்பவில்லை.
ஒன்றுமே இல்லாததைவிடக் குறைவாக
ஒருத்தியிடம் எப்படி இருக்கும்?
பட்டறையில் வாங்கிய முன்பணம்
ஞாபகம் வந்தது.

முப்பதாயிரம். மகனுக்குக் குடல்வால் அறுத்த வருடம்.
ரெண்டு வட்டி.
மாதம் ஆயிரத்து ஐந்நூறு பிடித்தம்,
இருபத்தேழு மாதமாக.
வட்டி மட்டும் அறுநூறிலேயே நின்றது.
முதல் மாதமும் அறுநூறு, போன மாதமும் அறுநூறு.
நான் திருப்பிக் கொடுத்த பணத்துக்கும்
நானே வட்டி கட்டியிருக்கிறேன்.

மாதம் மாதமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன்.
இருபத்தைந்தில் ஆயிரத்துச் சொச்சம்.
இருபத்தாறில் சைபரைத் தாண்டியது.
இருபத்தேழுக்கு எதிரே
ஒரு கழித்தல் குறி, பிறகு 1804.
அந்தச் சின்னக் கோட்டை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாக்கி என்னுடையதில்லை.

சரியா தப்பா, பார்க்க விடைப் பக்கம் இல்லை.
மூன்று தரம் போட்டேன்.
மூன்றாம் தரம் வளைவு இல்லாத இடத்தில்,
வீட்டு வாசற்படியில்.

“இன்னும் அஞ்சாயிரத்து எழுநூறு நிக்குது, பழனியாயி.”
முதலாளி எப்போதும் போலச் சொன்னார்.
நோட்டை நீட்டினேன்.
கால்குலேட்டரைத் தட்டினார், அழித்தார்,
மறுபடி தட்டினார்.
பற்றவைக்கிற இடத்தில் ஊதுகிற சத்தம் நின்றிருந்தது.
“ஆயிரத்து எண்ணூறு வாங்கிக்க.
நாலு ரூபாய்க்குச் சில்லறை இல்ல.”
“ரெண்டாயிரமாக் குடுங்க” என்றேன்.
நூற்றுத் தொண்ணூற்றாறு
காலையிலேயே எண்ணி
முந்தானையில் முடிந்து வந்திருந்தேன்.

மறுநாள் சோற்றுவேளையில்
மணி கோக்கும் சரசு, மெருகு போடும் ரெண்டு பேர்,
அவரவர் சிட்டையோடு
பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.
பென்சில் ஒன்றுதான்.
மூன்றாக ஒடித்தோம்.

சனிக்கிழமை மறுபடி பேப்பர் கடை.
எட்டாம் வகுப்பு கிடைத்தது,
அட்டையோடு, விடைகளோடு.
கடைசிப் பக்கங்களை மட்டும் கிழித்துத்
தராசுக்கு இந்தப் பக்கம் வைத்தேன்:
“அண்ணே, இதுக்கு எடை போடாதீங்க.”