நெஞ்சுக்கறிக் கணக்கு

மாதம் ஒருமுறை என்பான் டெல்பர்ட்,
யார் கேட்டாலும்.
தேவாலய வாசலில், பெட்ரோல் போடும் இடத்தில்,
பல் மருத்துவரின் நாற்காலியில்
வாய் திறந்தபடியே கூட.

மாதம் ஒருமுறை இல்லை.
ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன,
காப்பி டப்பாவில், ரப்பர் வளையம் போட்டு.
முந்தின வருடம் ஒன்பது.
போன வருடம் ஐந்து.
இப்போது ஆகஸ்ட், இது இரண்டாவது.
விலை ஏறிவிட்டது என்கிறான்.
ஏறியதுதான்.
முழங்காலைப் பற்றி நானும் பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள் நான்.
எழுதாமல் இருக்கக் கை கேட்காது.

பதினான்கு பவுண்டு மாட்டு நெஞ்சுக்கறி,
பிளாஸ்டிக் உறைக்குள் குளிர்ந்த பாறை மாதிரி:
எழுபத்தொரு டாலர்.
மேசையில் கிடத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு
கொழுப்பை வழிப்பான்.
மூன்று பவுண்டு வாளிக்குப் போகும்,
பதினைந்து டாலர் அது,
நாய் பார்த்துக்கொண்டே இருக்கும்.
ஓக் விறகு பதினெட்டு.
உப்பும் மிளகும் போகட்டும்.
சுற்றுவதற்குக் கசாப்புக்கடைக் காகிதம் ஒரு சுருள் இருபத்திரண்டு,
அதில் பாதியைப் பேரன்கள்
டைனோசர் வரைந்தே தீர்த்தார்கள்.
பீர் கணக்கில் வராது என்கிறான்.
வரும்.
பதின்மூன்று மணி நேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக்
கூலியும் போட்டால்
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

உருகியது, ஆவியானது போகத்
தட்டுக்கு வருவது ஆறரை பவுண்டு.
நெடுஞ்சாலைக் கடையில் வரிசையில் நின்றால்
இதைவிட மலிவு, தூக்கமும் மிச்சம்.
ஒருமுறை சொன்னேன்.
"நீ சொல்வது சரி, ரொவீனா" என்றான்
மிகவும் பணிவாக.
அடுத்த சனிக்கிழமை
இன்னொரு பாறையோடு வந்து இறங்கினான்.

நேற்று இரவு பத்துக்குத் தீ மூட்டினான்.
மூன்று மணிக்கு ஜன்னலில் பார்த்தால்
மடக்கு நாற்காலியில் வாய் பிளந்து உறக்கம்,
கால் ஒரு வாளிமேல்.
இறங்கிப் போனேன், இரவு உடையோடு.
வெப்பமானி நூற்றைம்பத்தெட்டில் நின்றது.
நிற்கும் என்று தெரியும்.
இருபத்தாறு வருடமாய்க் காது புளிக்கக் கேட்டதுதான்:
ஒரு சூட்டுக்கு மேல் கறி வியர்க்கத் தொடங்கும்,
அப்புறம் மணிக்கணக்கில் ஒரு டிகிரி நகராது,
அவசரக்காரன் விறகை அள்ளிப் போட்டுக் கெடுப்பான்.

எழுப்பவில்லை.
மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டை வைத்தேன்.
புகை வெள்ளையாய் வந்தது. ஐயோ என்றேன்.
கதவைக் கொஞ்சம் திறந்தேன்.
மெலிந்தது. பிறகு நீலம்,
இருக்கிறதா இல்லையா என்கிற நீலம்.

கொசு கடித்தது.
தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றியது.
வெர்லின் வீட்டு ஏர்கண்டிஷனர்
விட்டு விட்டு இருமியது.
வேறொன்றும் நடக்கவில்லை.
ஒன்றுமே நடக்காத இடத்தில்
கடைசியாக நான் எப்போது உட்கார்ந்தேன் என்று
யோசித்தேன்,
ரசீது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நூற்றைம்பத்தொன்பது.
கையைத் தட்டப் போய்
நிறுத்திக்கொண்டேன்.

டெல்பர்ட் புரண்டபோது
படுக்கைக்கு ஓடிவிட்டேன்.

மத்தியானம் கத்தி இறங்கியது, கறி எதிர்க்கவில்லை.
வெர்லின் விரலைச் சூப்பியபடி
"உன் வாழ்நாளில் இதுதான்டா" என்றார்.
"ராத்திரி முழுக்கக் கண் கொட்டவில்லை"
என்றான் டெல்பர்ட்.
நான் உருளைக்கிழங்கு சாலட்டை நகர்த்தினேன்.
மினசோட்டாவிலிருந்து வந்திருக்கிற, வெர்லினின் புது மருமகன்
எத்தனை நாளைக்கு ஒருமுறை இதைச் செய்வீர்கள்
என்று கேட்டான், பாவம்.

"மாதம் ஒருமுறை"
என்றேன் நான்.
டெல்பர்ட் என்னைத் திரும்பிப் பார்த்தான்,
பார்த்துக்கொண்டே இருந்தான்.
என் கூந்தலில் புகை வாசம் இருந்திருக்கும்.

இன்று ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
ரொவீனா, இரண்டு மணி பத்து நிமிடம்.
கூலி என்ற இடத்தில் கோடு போட்டேன்.
வேலையிலிருந்து வரும் வழியில்
செப்டம்பரில் விலை இறங்குமா என்று
கறிக்கடைப் பையனிடம் கேட்டேன்,
சும்மாதான்.