நான்காம் பல்

சகாயராஜ் தனி வண்டி வாங்கிய மறுநாளிலிருந்து
என் வண்டி குதிக்கிறது.
கோரையாற்றுக் கரையில், வாத்துப்பட்டி வளைவில்
பின்சக்கரம் சேற்றைத் தொடாமல்
ஒரு கணம் காற்றில்.
நேற்று இரண்டு தட்டு முட்டை.

கூத்தாநல்லூர் நிஜாமுதீன்
சீட்டை ஒரு கையால் அமுக்கிப் பார்த்தார்.
"ஆள் இறங்கிட்டாரு. ஸ்பிரிங்குக்கு யாரு சொன்னா?"
தொண்ணூற்று நாலு கிலோவுக்கென்று
நானேதான் ஏற்றி வைத்தது, நான்காம் பல்லில்.
கொக்கி ஸ்பேனர், துரு, இரண்டு கெட்ட வார்த்தை;
இரண்டாம் பல்லுக்கு இறங்கியது.
இருபது ரூபாய்.
கணக்குத் தீர்க்காமல் போனவனைப் பற்றி
அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது வளைவில்
சக்கரம் மண்ணை விடவில்லை.
மதகு தாண்டித்தான் கவனித்தேன்:
டேங்கோடு ஒட்டி, பாதி சீட்டைக் காலியாக விட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சாண் பின்னால் நகர்ந்தேன்.