ஆறாவது தட்டு

அந்த மயில்கழுத்தை எடுங்க என்றார் ஓர் அக்கா.
ஆறாவது தட்டில் இருந்தது.
என் கை காதுவரை போயிற்று,
அதற்கு மேல்
உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.
மைதீன்தான் எடுத்துக் கொடுத்தான்.
அக்கா வாங்கவில்லை, அது வேறு கதை.

இருபத்திரண்டு வருஷமாக
டவுன் வடக்கு ரத வீதியில் சேலை விரிக்கிறேன்.
வலது கையை வீசினால்தான் முந்தி முழுசாக விழும்.
முந்தி விழாமல் யாரும் விலை கேட்பதில்லை.
ஆடித் தள்ளுபடியில் எத்தனை வீச்சு என்று
எண்ணுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது.

பாளையங்கோட்டையில் ஜெபஸ்லின் டாக்டரம்மா
என் கையை ஸ்டியரிங் போலத் திருப்பிப் பார்த்து,
"தோளைச் சுத்தி நாலு சின்னத் தசை.
அதுகதான் அசந்து போச்சு.
ரப்பர் பேண்ட் இழுக்கணும்" என்றார்.

முருகன்குறிச்சி விளையாட்டுச் சாமான் கடையில்
பெட்டியைத் திறந்து காட்டினார்கள்.
ஐந்து பட்டைகள், இரண்டு கைப்பிடி,
கதவில் மாட்ட ஒரு வார், சுருக்குப் பை,
முப்பத்திரண்டு பயிற்சிகள் போட்ட தாள்.
தாளில் இருந்தவனுக்குத் தோள் வலித்த மாதிரியே இல்லை.
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது.

"செட்டாத்தான் வரும் அண்ணாச்சி, தனியா வராது."
எனக்குத் தெரியாதா.
பிளவுஸ் துணி தனியா வராதும்மா என்று
நேற்று மட்டும் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்றார்.
வெந்தயம், அரக்கு, கிளிப்பச்சை என்று
எனக்குள் மாற்றிக்கொண்டே வந்தேன்.
கறுப்பு எதுக்கு?
"அது கடைசி லெவல். யானை பலம்."
எனக்கு யானை வேண்டாம்,
முந்தி விரிந்தால் போதும்.

அப்புறம்தான் கவனித்தேன்.
பெட்டியை மேலிருந்து இறக்கியது இடது கை.
வலது கை சட்டைப்பை உயரத்திலேயே நின்றது.
நீங்க இதை இழுக்கிறதில்லையா?
"கடையில எங்க அண்ணாச்சி நேரம்."
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாத்துட்டு வாரேன் என்றேன்.
அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டாக்டரம்மா ஒரு சுருளிலிருந்து
மஞ்சளில் ஒன்றரை மீட்டர் வெட்டித் தந்தார். நூற்றெண்பது.
நம்ம கடையில் வெட்டுத்துணி தருகிற மாதிரி
இரண்டு விரல் கூடவே விட்டு வெட்டினார்.
இது சின்னப்பிள்ளை இழுக்கிறதாச்சே என்றேன்.
இழுங்க பார்ப்போம் என்றார்.
அக்குளில் சுருட்டிய துண்டு, முழங்கை விலாவோடு,
கை மட்டும் வெளியே திரும்ப வேண்டும்.
பன்னிரண்டாவதில் என் கை
கெட்டுப்போன டியூப்லைட்டாகத் துடித்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் இருக்காது.
டிரையல் ரூம் கைப்பிடியில் முடிந்து இழுக்கிறேன்.
கேமராவில் பார்த்துவிட்டு முதலாளி வந்தார்:
"என்னவே சொரிமுத்து, கதவைப் பேத்து எடுக்கீரா?"

மைதீன் போனிலேயே முழு செட்டும் வாங்கிவிட்டான்.
அவனுக்குத் தோளில் ஒன்றுமில்லை.
கறுப்புப் பட்டை இப்போது அவன் பைக்கில் பார்சல் கட்டுகிறது.
நன்றாகத்தான் கட்டுகிறது, குறை சொல்ல முடியாது.
மற்ற நிறங்கள் எங்கே என்று கேட்டால் சிரிக்கிறான்.

நான்காம் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை.
ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால்
அதே குத்தல்.
நூற்றெண்பதையும் வெள்ளத்தில் விட்டேனோ என்று
பட்டையை மடித்துக் கல்லாவுக்கு அடியில் போட்டேன்.
இரண்டு நாள் கிடந்தது. பிறகு எடுத்தேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை,
மத்தியானம் வந்தது, கை சும்மா இருந்தது.

எதிர்த்த மாடியில் தைக்கிற நம்பிக்கும் இதே தோள்.
"அந்த செட்டு வாங்கலாமாவே?"
மஞ்சளை மட்டும் வாங்கும்,
அதை இழுத்துப் பழசாக்கிவிட்டு வந்து சிவப்பைக் கேளும் என்றேன்.
நல்ல வியாபாரி சொல்லக்கூடாத பேச்சு.

இன்றைக்கு ஏழாவது வாரம்.
ஐந்தாவது தட்டு வருகிறது.
ஆறாவதில், குதிகாலை எக்கினால்,
பாலிதீன் உறையின் விளிம்பு விரலில் தட்டுகிறது.
சேலை வரவில்லை.
சரசரவென்று சத்தம் மட்டும் வந்தது.
எதிரே உட்கார்ந்திருந்த கல்யாணக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மைதீனைக் கூப்பிட்டேன்.