இருபத்து மூன்றாம் கேள்வி

மதிய டூட்டி முடிந்து
கால் வீங்கி உட்கார்ந்திருந்த எங்களிடம்
கத்தைத் தாளை நீட்டினார்கள்.
சிறுநீரக தானம் குறித்து
மூன்றாமாண்டு செவிலிய மாணவியரின்
அறிவும் மனப்பான்மையும்.
பெயர் எழுத வேண்டாம் என்றார் ரெபேக்கா மேடம்,
மனசுல பட்டதைப் போடுங்க, மார்க்குக்கு இல்ல.

அறிவு எளிது.
உயிர் வாழ ஒன்று போதும். ஆம்.
உயிரோடு இருப்பவரும் தரலாம். ஆம்.
விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆம்.
பெரும்பாலும் இடப்பக்கத்தையே எடுப்பார்கள்,
அதன் சிரை நீளம். ஆம்.
ஜன்னலுக்கு வெளியே
துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் பின்னை ஒன்று முகர்ந்தபடி
கல்மண்டபம் வரை நின்றன.

மனப்பான்மைக்கு ஐந்து கட்டம்.
முழுச் சம்மதத்தில் ஏறி
முழு மறுப்பில் இறங்கலாம்.
மெஹ்ராஜ் கிசுகிசுத்தாள்:
மய்யித்தைக் குளிப்பாட்டும்போது தையல் தெரியுமாடி?
ஹேமாவதி: ஒத்தக் கிட்னிக்காரிய எவன் கட்டுவான்,
கட்டினாலும் பத்து சவரன் கூடக் கேப்பான்.
சிரித்தோம். மேடமும்
வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

இருபத்து மூன்று.
சிறுநீரகம் தந்த எவரையாவது நேரில் அறிவீர்களா?
ஆம் எனில், அவர் யாருக்குத் தந்தார்?

அம்மாவின் விலாவுக்குக் கீழிருந்து
தொப்புளை நோக்கி ஒரு கோடு இறங்கும்.
போட்டு விளிம்பில் விழுந்தது என்பாள்.
நம்பியிருந்தேன், போன வருஷம்
சர்ஜிகல் வார்டில் ஒருத்திக்குக் கட்டு மாற்றும்வரை.
தம்பிக்குக் கொடுத்தவள் அவள்.
கட்டிலைச் சுற்றிச் சாத்துக்குடியும் சொந்தக்காரர்களும்.
பஞ்சை எடுத்தேன்.
அதே கோடு.

அன்றிரவு கேட்டேன்.
சங்கராவுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தவள்
நிமிரவில்லை.
"வல வாங்குன கடன்.
லட்சம்னாங்க, நாப்பதுதான் வந்துது.
பேப்பர்ல நான் அந்தம்மாக்குக் கூடப்பொறந்த தங்கச்சி.
ஆபீசர் கேட்டா சொல்லணும்னு
அவங்கப்பா பேரு, அவங்க குலசாமி,
சின்னதுல நாங்க சண்ட போட்டது,
எல்லாம் மனப்பாடம் பண்ண வச்சாங்க."
ஒரு செதில் தெறித்துச் சுவரில் ஒட்டியது.
"அக்கா இருக்காளோ, போய்ட்டாளோ."

அக்கா என்றுதான் சொன்னாள்.

விற்றதைத் தந்தது எனலாமா?
முப்பது கேள்வியில் அது இல்லை.
மெஹ்ராஜ் முடித்துவிட்டு
என் தாளை எட்டிப் பார்த்தாள்.
கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்:
ஆம். அவருடைய அக்காவுக்கு.

இருபத்து நான்கு.
தந்தவருக்கு ஆயுள் முழுதும் பரிசோதனை அவசியம்.
முழுச் சம்மதம்.

ஐம்பத்தாறு சியில் தொங்கி
திருவொற்றியூர் இறங்கினேன்.
லாரித் தண்ணீர் வரவில்லை, குடங்கள் வரிசையில்.
அம்மா தண்ணீரே குடிப்பதில்லை,
ராத்திரி கக்கூஸுக்கு நாலு பிளாக் தாண்டணும்.
ஹேமாவதியிடம் கடன் வாங்கிய பி.பி. மிஷினை
அவள் கையில் சுற்றினேன்.
காற்றடித்தேன். இறக்கினேன்.
நம்பாமல் இன்னொரு தரம்.

எவ்ளோ இருக்கு?
கூட இருக்கும்மா.

புடவையைச் சரிசெய்துகொண்டு
குடத்தை எடுத்தாள்.
"அந்தம்மாக்கும்
இப்டிதான் ஆரமிச்சுதாம்."