சான்று தேவை

ஞானாபரணம் பிறந்தது மூன்று தடவை.
ஞானஸ்நானப் பதிவேட்டில் முப்பத்தெட்டு,
பள்ளிக்கூடச் சான்றிதழில் நாற்பது,
சட்டமன்றக் கையேட்டில் நாற்பத்தொன்று.
நான் நாற்பதை வைத்துக்கொண்டேன்.
மற்ற இரண்டையும் அடிக்குறிப்பில் உறங்க விட்டேன்.

குலசேகரத்தில் மழை ஓய்ந்தால்தான் நெட் வரும்.
ரப்பர் ஷீட் மணக்கும் அறையில்
இரண்டு முறை எம்.எல்.ஏ., ஒரு முறை தோல்வி,
ஒரு கட்சித் தாவல் (அதற்கு மட்டும் ஏழு சான்று)
என்று ஒரு மனிதரைப் பத்தி பத்தியாய் அடுக்கினேன்.
யாரும் கேட்கவில்லை. கூலியும் இல்லை.
பிழை கண்டால் கை அரிக்கும், அவ்வளவுதான்.

"ஆனைக்கயம் பாலத்தை இவர் கட்டினார்."
இந்த வரி ஒரு செவ்வாய்க்கிழமை காணாமல் போனது.
அழித்தவருக்குப் பெயரில்லை, வெறும் எண்கள்.
காரணம் எழுதும் கட்டத்தில்:
"அது நான் இல்ல. ஓவர்சியர் மரியநேசன்."

மீளமைத்தேன். நாளிதழ்ச் செய்தி இருக்கிறது,
பக்கம் மூன்று, ரிப்பன், கத்தரிக்கோல், படத்தோடு.
மறுநாள் மறுபடி அழிந்தது.
"பைசா வரல்ல. மரியனேசன் எனக்க நடையில
மூணு நாள் கெடந்தான்."
மீளமைத்தேன்.
"அவனுக்க பொண்டாட்டிக்க நகையும் அதில உண்டு."
மீளமைத்தேன்.
விதிப்படி எச்சரிக்கையும் வைத்தேன்:
தக்க காரணமின்றி உள்ளடக்கத்தை நீக்காதீர்கள்.

கூட்ட வருகிறவர்களை எனக்குத் தெரியும்.
மருமகன்கள் வருவார்கள், கட்சி ஆபீஸ் வரும்,
'மக்கள் தொண்டர்' என்று இரவோடிரவாகச் செருகும்.
கழிக்க வந்தவரை எந்த விதியில் வைப்பது?

பகலில் எனக்கு இ-சேவை மையத்தில் வேலை.
நவம்பரில் ஓய்வூதியக்காரர் வரிசை,
உயிரோடிருப்பதற்குச் சான்று வாங்க.
டோக்கன் பதினேழு. நனைந்த வேட்டி, பெண்பிள்ளைக் குடை.
கட்டுரைப் படத்தில் இருந்த மீசை
முகத்தில் இல்லை.

பெருவிரலை வைத்தார். ஏற்கவில்லை.
துடைத்து வைத்தார். ஏற்கவில்லை.
"சின்னதில அப்பன்கூட ரப்பர் வெட்டப் போன கை" என்றார்.
இது கட்டுரையில் இல்லை.
சேர்க்கவும் முடியாது, என் காது சான்றாகாது.

கண்ணைக் காட்டச் சொன்னேன்.
கருவியின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தபடி கேட்டார்:
"மக்களே,"
(மேடையில் சொன்ன அதே சொல், இப்போது எனக்கு மட்டும்)
"இந்த நெட்டுல எழுதுகவன் எல்லாம் எங்க இருப்பான்?
ஒருத்தன் நான் சொன்னா நம்பமாட்டேங்கான்.
என்னப் பத்தி எங்கிட்டயே சான்று கேக்கான்."

"இமைக்காதீங்க ஐயா" என்றேன்.

பச்சை டிக் விழுந்தது.
ஞானாபரணம் உயிரோடிருக்கிறார்,
அடுத்த நவம்பர் வரை.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஆனைக்கயம் போனேன்.
கல்லில் அவர், அமைச்சர், கான்ட்ராக்டர்.
ஓவர்சியருக்குக் கல் போதவில்லை.
கீழே முட்டளவுத் தண்ணீர்.
அன்னாசி ஏற்றிய டெம்போ
யார் கட்டியதென்று கேட்காமல் கடந்தது.
துணி அலசிக்கொண்டிருந்தவரிடம் பெயரைச் சொன்னேன்.
"வேற வேலைக்க சிமெண்ட இங்க எறக்கீட்டாருண்ணு
சஸ்பெண்டு ஆன ஆளுல்லா?
அண்ணைக்கு எம்.எல்.ஏ. வாயத் தெறக்கல்ல."
சோப்புக் கட்டி ஆற்றோடு போக, அவர் பின்னாலேயே ஓடினார்.

அன்றிரவு 'கட்டினார்' என்பதை
'அவரது காலத்தில் கட்டப்பட்டது' என்று மாற்றினேன்.
செயப்பாட்டு வினைக்குச் சான்று கேட்பாரில்லை.
அதற்குள் எத்தனை பேரும் ஒளிந்துகொள்ளலாம்:
அவர், மரியநேசன், அந்த நகை, நான்.

எண்கள் அப்புறம் வரவில்லை.
ஒத்துக்கொண்டாரா, சடைத்துவிட்டாரா, தெரியாது.

கட்டுரையின் தலைமாட்டில் 'வரலாறு' என்று ஒரு பொத்தான் உண்டு.
அமுக்குகிறவர் அபூர்வம்.
அவர் அழித்ததும் நான் திரும்ப வைத்ததும்
மணி நிமிடத்தோடு அங்கே கிடக்கின்றன.
மரியநேசன் இரண்டு இடத்தில்,
ஓரிடத்தில் எழுத்துப்பிழையோடு.
அதைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை.
கை அரிக்கிறது.