தாரா சாகவில்லை

முத்தையன்கட்டு இடதுகரையில்
கனகமலரின் கூட்டில்
முந்தநாள் அறுபத்துமூன்று கோழிகள்.
நான் போனபோது எட்டு.
எட்டிலும் மூன்று
கழுத்தைத் திருகிக்கொண்டு
வானத்தைப் பார்த்தபடி.

பத்தொன்பது தாராக்கள்
வாய்க்கால் சேற்றுக்குள் அலகை விட்டு
அளைந்துகொண்டிருந்தன.

"ஒரே தண்ணி, ஒரே தவிடு, ஒரே கூரை.
இதுகளுக்கு மட்டும் என்ன காவல், டொக்டர்?"
குரலில் அழுகை இல்லை. கணக்கு இருந்தது.
மாதர் சங்கக் கடன்,
மாதம் நாலாயிரத்து இருநூறு.

தடுப்புமருந்து போன மாதமே வந்தது.
மூன்று நாள் மின்வெட்டில்
என் அலுவலகக் குளிர்ப்பெட்டிக்குள் கெட்டது.
அதை நான் சொல்லவில்லை.
அதற்குப் பதிலாகப் பாடம் எடுத்தேன்.

கிருமி உள்ளே வந்தால்
முதலில் அறிவது
அது புகுந்த அந்த ஒற்றைக் கலந்தான், அக்கா.
வேற்றாள் எழுத்து ஒன்று
தன் வீட்டுக்குள் வாசிக்கப்படுவது
அதற்குக் கேட்கும்.
தான் தப்பப்போவதில்லை என்பதும் தெரியும்.
சாகுமுன் பக்கத்துச் சுவரில் தட்டும்.
அந்தத் தட்டலுக்குப் பேர் இன்ரர்பெரோன்.

கேட்ட கலங்கள் எழும்பும்.
நூற்றுக்கணக்கில் புரதங்கள்
படுத்த பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பும்.
ஒன்று வளையமாய்க் கோத்துக் கிருமியை நெரிக்கும்.
ஒன்று, வெளியே பாயப் பார்க்கும் புதுக் கிருமியை
வாசற்படியிலேயே கயிற்றில் கட்டிவிடும்.
எனக்குப் பிடித்தது வைப்பரின்.
அது சண்டைக்குப் போகாது.
கள்ள எழுத்து ஒன்று செய்து வைக்கும்.
தன்னைப் படியெடுக்கும் கிருமி
அதையும் எடுத்துக் கோக்கும்.
வசனம் அந்த இடத்தில் நின்றுபோகும்.
மாட்டில் உண்டு, மீனில் உண்டு,
எனக்கும் உங்களுக்கும் உண்டு,
பக்ரீரியாவிலும் அதன் மூத்த சொந்தங்கள் உண்டு.

கோழிக்கும் இருக்குது.
ஆனால் தாராவுக்குள்ள காது ஒன்று
கோழிக்கு இல்லை.
எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டது.
மற்றக் காது பிந்தித்தான் கேட்கும்.
அதுதான் முழுக் காரணம் என்று
எவரும் சத்தியம் பண்ணமாட்டார்கள்.

அணைக்கட்டு மருதில் வௌவால்கள் தொங்கின.
கை நீட்டிக் காட்டினேன்:
சில வௌவால் இனங்களில்
அந்தத் தட்டல் ஓய்வதே இல்லையாம்.
நோயில்லாத நாளிலும்
மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே.

கனகமலர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.
"நான் இண்டைக்கும்
காணி உறுதியையும் ஐசியையும்
ஒரு பையில போட்டுக் கதவடியில வச்சுத்தான்
படுக்கிறனான்."

நான் ஊசிக்குழாயில்
இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் சொன்னாள்.
அடுத்த காணிக் குணநேசனுக்கு
நாலு நாளைக்கு முன்னமே செத்ததாம்.
வாய் திறக்கவில்லை.
மிச்சத்தை இரவோடிரவாய் ஏற்றி
ஒட்டுசுட்டானில் விற்றுவிட்டான்.

செத்ததுகள் உரப்பைகளில் கிடந்தன.
குழி இன்னும் வெட்டவில்லை, சுண்ணாம்பு வரவில்லை.
அவள் போனை எடுத்து
வேலியோரம் போய் நின்றாள்.
முதலாவது வீடு. இரண்டாவது. ஐந்தாவது.
"ஓம், எனக்குத்தான். ராணிகெட்.
உங்கட கோழியை வெளியில விடாதேங்கோ.
ஒருத்தரும் இஞ்சால வராதேங்கோ."

"இனி என்ர முட்டையை
ஆரும் வாங்கமாட்டினம்" என்றாள்
ஒரு அழைப்புக்கும் மறு அழைப்புக்கும் நடுவில்,
எனக்கல்ல, போனுக்குமல்ல.

றெஜிபோம் பெட்டியை
மோட்டார் சைக்கிளில் கட்டும்போது கேட்டது:
வாய்க்கால் நெடுக
ஒன்றன்பின் ஒன்றாய்
தகரக் கதவுகள் சாத்துப்படும் சத்தம்.
குணநேசன் வீட்டிலும் ஒன்று.

மாங்குளம் சந்திக்குக் கிட்ட
வண்டியை நிறுத்தி அவளுக்கு அடித்தேன்,
குளிர்ப்பெட்டியைப் பற்றிச் சொல்ல.
லைன் பிசி.
திரும்ப அடித்தேன்.
பிசி.